சவப்பாதையில் ஓர் அடுப்படி

மேசையில் இருந்த கோப்பையில் தேநீர் அதிர்ந்து வளையம் வளையமாக விரிந்தது. சாலையில் வண்டி எதுவும் போகவில்லை. நோரீன் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மாலை நாலு மணிதான். ஆனால் வடக்கே லீட்ரிம் மாவட்டத்தில் நவம்பர் மாதத்து வெளிச்சம் அதற்குள் வடிந்துவிடும். சதுப்பிலிருந்து ஏறி வந்த மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் அப்பிக் கிடக்க, அடுப்பில் கனன்ற கரிக்கட்டிகளின் புகைக்கு அடியில், நனைந்த கம்பளியும் கிளறிய மண்ணும் கலந்த வாடை ஒன்று மெல்ல எழுந்து அறை முழுக்கப் பரவியது.

இந்த அடுப்படியைக் கட்டி மூன்று வாரம் ஆகிறது. மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் பிணப்பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைக்குப் போன பாதை, புல் மூடி இவர்கள் கொல்லை வழியே கிடந்தது. அதன் குறுக்கேதான் அவள் கணவன் டெக்லன் சுவர் எழுப்பினான். அன்று பக்கத்துப் பண்ணை ஹியூயி வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"சவப்பாதையில அடுப்படியா? போறவங்களுக்கு அப்படியே டீயும் போட்டுக் குடுத்துடு."

"வரட்டும். உனக்குக் குடுக்காத பிஸ்கட்ட அவங்களுக்குக் குடுக்கிறேன்," என்றான் டெக்லன்.

இப்போது அவன் காய்ச்சலில் உள்ளறையில் படுத்திருந்தான்.

பின்சுவருக்கு வெளியே காலடிச் சத்தம். நாலைந்து பேர், பாரம் தூக்கியவர்கள்போல, ஒரே சீராக, மூச்சு வாங்கிக்கொண்டு. அந்தச் சுவரில் வாசல் கிடையாது. சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் வந்தது.

"டெக்லன்... நீயா?"

மேசைக்கால்கள் முனகின. கோப்பை தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. கனமான ஏதோ ஒன்று மேசைமேல் இறங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் மூச்சு மட்டும்.

உள்ளறைக் கதவு திறந்தது. டெக்லன் நின்றான். கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்க்கவில்லை.

"எங்க வர்ற? போய்ப் படு."

"பெட்டியக் காலியாத்தான் கொண்டு வந்திருக்காங்க, நோரீன்."

மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தான். கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டான். அவள் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை.

அவன் முதுகுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

காலடிகள் தொடங்கின. கால் முன்னாக அவன் எதிர்ச்சுவரை நோக்கி நகர்ந்தான். பாதம் சுவருக்குள் போனது. முழங்கால். இடுப்பு. முகம்.

அவள் விடவில்லை. முழங்கைவரை அவள் கை சுவருக்குள் இருந்தது. அந்தப்பக்கம் யாரோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, பிரித்துக்கொண்டிருந்தார்கள்.