அம்மாவின் தோளுக்குக் கொஞ்சம் வெயில்

சுதர்ஷினிக்குக் கோழிக்குஞ்சுகளைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது.

பொறாமைப்பட வேறு ஆளா கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மார்கழி மாதத்தில் இலங்கை மலையகத்து மடுல்சீமைக்கு வந்து ஒரு நாள் நின்று பாருங்கள், புரியும். எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்துக்கு வெளியே மூடுபனி. உள்ளே ஈரச் சுவர். பக்கத்து வீட்டு ராசம்மா பெரியம்மாவின் பதினாறு குஞ்சுகள் மட்டும் அட்டைப் பெட்டிக்குள், ஒரு குண்டு பல்பின் கீழே, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் போலச் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

அதே நேரத்தில் சுதர்ஷினியின் அம்மா ஜெயமலர் வலது கையைத் தூக்க முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சுவெட்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் மழையில் மலைச் சரிவில் வழுக்கி விழுந்ததிலிருந்து அந்தத் தோள் இறுகிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் இடது கையால் மட்டும் கொழுந்து பறித்தார். ஒரு கையால் பறித்தால் கொழுந்து நிறை வருமா? பாதி நாள் வேலை செய்ததாக, பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

பதுளை ஆஸ்பத்திரியில் தோளுக்குச் சூட்டு விளக்கு பிடித்தார்கள். அந்தச் சிவப்பு விளக்கின் கீழே பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் அம்மாவின் முகமே மாறிவிடும். ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். பாதையோ குண்டும் குழியும். பதுளையில் இறக்கி வைத்த வலியை, திரும்பி வரும் வழியில் பஸ் மறுபடியும் ஏற்றிக்கொண்டு வந்துவிடும். போகிற நாளில் அந்த அரைப்பேரும் கிடையாது.

"இனிமே போகல புள்ள. தானா சரியாயிரும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

தானாகச் சரியாகாது என்று சுதர்ஷினிக்குத் தெரியும். அந்த விளக்குப் பிரிவில் வேலை செய்யும் மயூரி மிஸ் போன தடவை சொன்னதை அவள் மறக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் சூடு குடுத்து அசைக்க வேணும். விட்டால் அப்படியே இறுகிப்போகும். பிறகு கூடை தூக்கவே ஏலாது."

சுதர்ஷினி குஞ்சுகளைப் பார்த்தாள். அம்மாவின் தோளைப் பார்த்தாள். பிறகு கிளினிக் அட்டையில் இருந்த நம்பரைத் தேடி எடுத்தாள்.

"ஹலோ, மயூரி மிஸ்ஸா? மடுல்சீமை ஜெயமலரோட மக பேசறேன். மிஸ், உங்க விளக்கும் கோழிக்குஞ்சு விளக்கும் ஒண்ணா?"

மறுமுனையில் மிஸ் சிரிக்கத் தொடங்கினார். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்டில்லைப் பிள்ளை. ஆனால் ரெண்டும் சூடுதான் தருது. கவனமாச் செய்தால் செய்யலாம். கொப்பி இருக்கோ? எழுது."

சுதர்ஷினி எழுதினாள். வயர் வேலையைத் தெரிந்த பெரியவர் மட்டுமே செய்ய வேண்டும். விளக்குக்கும் தோளுக்கும் இரண்டு அடி இடைவெளி. பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. அதன் முன்னால் தூங்கவே கூடாது. தோல் எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். சூடு பிடித்த கையோடு, விரல்களை நடப்பது போல மேலே நகர்த்தி, சுவரில் ஏறிப் பயிற்சி செய்ய வேண்டும்.

"நாலு கிழமையால அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. நான் பாக்க வேணும்" என்றார் மிஸ்.

லயத்தின் கடைசி வீட்டில் கந்தப்பன் மாமா இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீசியன். தொழிற்சாலை இயந்திரங்கள் எல்லாம் அவர் பேச்சைக் கேட்கும். அவர் வீட்டு ரேடியோ மட்டும் கேட்காது.

"கரண்டோட வெளையாடக் கூடாது புள்ள" என்று அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

சுதர்ஷினி கொப்பியை நீட்டினாள். மாமா ஒரு தடவை வாசித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணையும் மிச்சம் வைக்கலையே நீ! சரி, சூட்டைத் தோள் பக்கம் திருப்ப ஒரு தகரம் கொண்டா."

கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. சுதர்ஷினி அதைச் சாம்பல் போட்டு மூன்று நாள் தேய்த்தாள். துரு போய், அவள் மூக்கு அதில் கோணலாகத் தெரிந்தது. மாமா அந்தத் தகரத்தில் நாலு பீங்கான் ஹோல்டர்களைப் பொருத்தி, எர்த் வயரும் கொடுத்து, பழைய இரும்புக் குழாயில் நிமிர்த்தி நிறுத்தினார். யாருடைய கையும் பல்பில் பட்டுவிடாமல் முன்னால் கம்பி வலை அடித்தார். சுதர்ஷினி அடிமட்டத்தால் அளந்து, இரண்டு அடி தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். நாற்காலி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஐந்து மணிக்கு அம்மா நனைந்து வந்தார். உடுப்பு மாற்றித் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாமா சுவிட்சைப் போட்டார்.

நாலு பல்பும் எரிந்தன. தகரம் தகதகவென்று மின்னியது. ஈரச் சுவர்கூட மஞ்சளாகிவிட்டது.

"அடி ஆத்தீ! மத்தியான வெயிலு மாதிரியே இருக்கே!" என்றார் அம்மா.

அடுத்த நொடி, டப்!

பல்புகள் அணைந்தன. எட்டு வீடுகளும் இருண்டன. எட்டுக் கதவுகளும் திறந்தன.

"யாரு வீட்டுல என்ன போட்டீங்க?"

"எஞ் சோறு பாதி வெந்து நிக்குது!"

"ஐயோ, எங் குஞ்சுங்க!" என்று ராசம்மா பெரியம்மா பெட்டியோடு ஓடி வந்தார்.

எல்லாரும் தகரப் பலகையைப் பார்த்தார்கள். அம்மா எழுந்துவிட்டார். "வேணாம் புள்ள, கழட்டிரு. எட்டு வீட்டு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு எனக்கு என்னத்துக்குச் சூடு?"

மூன்று நாள் சாம்பல் தேய்த்த சுதர்ஷினியின் விரல்கள் இன்னும் கறுத்திருந்தன. அழுகையை விழுங்கிக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியம்மா, நேத்து எங்க விளக்கு இல்லியே. நேத்து ஏன் கரண்ட் போச்சு?"

நேற்றும் போனது. முந்தாநாளும் போனது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கந்தப்பன் மாமா தாடையைச் சொறிந்தார். "எட்டு வீட்டுக்கும் ஒரே மெயின் லைன். தாங்கினாத்தானே?"

மறுநாள் பாடசாலை விட்டு வந்ததும் சுதர்ஷினி கொப்பியோடு வீடு வீடாகப் போனாள். யார் எந்த நேரத்தில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டு எழுதினாள். எழுதி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. மலையில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். வந்த கையோடு குளிக்கிற வாளியில் ஹீட்டரைப் போடுகிறார்கள். ஐந்து மணிக்கு ஐந்து ஹீட்டர், மூன்று ரைஸ் குக்கர்! எந்த லைன்தான் தாங்கும்?

"ஒரு நேரத்துல ரெண்டு வீடு போட்டா ட்ரிப் ஆகாது" என்று மாமா கணக்குப் பார்த்துச் சொன்னார்.

சுதர்ஷினி பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். கட்டம் போடுவது சுலபம். ஐந்து மணிக் கட்டத்தை யாருக்குக் கொடுப்பது? எல்லாருக்கும் அதுதான் வேண்டும். சண்டை மறுபடியும் தொடங்கும் போலிருந்தது.

"எல்லாரும் வேணுங்கிற நேரத்த எடுத்துக்குங்க. மிஞ்சினது எங்களுக்கு" என்றாள் சுதர்ஷினி.

ராசம்மா பெரியம்மா முந்திக்கொண்டு ஐந்து மணியைப் பிடித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டத்தில் பெயர் எழுதினார்கள். மிஞ்சியது ஏழு மணி. அம்மா ஈரக் குளிரில் இரண்டு மணி நேரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தால்தான் அந்த நேரம் வரும். சுதர்ஷினி ஏழு மணிக் கட்டத்தில் 'ஜெயமலர்' என்று எழுதினாள்.

பெரியம்மா அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைப் பிடுங்கினார்.

"ஏழு மணிக்கு நான் குளிக்கிறேன். அஞ்சு மணி ஜெயமலருக்கு. ரெண்டு மணி நேரம் நான் அழுக்கா இருந்தா எங் குஞ்சுங்க ஒண்ணும் மொகத்தத் திருப்பிக்காது."

அன்று மாலை கரண்ட் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சோறு ஒழுங்காக வெந்தது. ஒரே ஒரு குறைதான், ஒருவரை ஒருவர் திட்ட ஒரு காரணம் குறைந்துவிட்டது.

தினமும் ஐந்து மணிக்கு அம்மா பதினைந்து நிமிடம் வெயில் காய்ந்தார். சுதர்ஷினி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மா விரல்களால் சுவரில் ஏறினார். விரல் எட்டிய இடத்தில் சுதர்ஷினி பென்சிலால் கோடு போட்டாள். முதல் கிழமையில் கோடு அசையவே இல்லை. இரண்டாவது கிழமையில் ஒரு விரல் அகலம் ஏறியது. மூன்றாவது கிழமையில் ஒரு சாண் ஏறித் தோளைத் தாண்டியது. நாலாவது கிழமையில் மழை விடாமல் பெய்தது. வலி கூடி, கோடு இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது.

"நான் சொன்னேன்ல, இது அவ்வளவுதான்" என்றார் அம்மா.

சுதர்ஷினி கீழே இறங்கிய அந்தக் கோட்டையும் போட்டுவைத்தாள். மிஸ் சொன்ன நாலு கிழமை முடிந்ததும் பதுளைக்குப் பஸ் ஏறினார்கள். மிஸ் என்ன சொல்லப்போகிறாரோ என்று சுதர்ஷினி வழியெல்லாம் யோசித்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூட்டம் நெரிந்தது. அம்மா கதவருகே வரிசையில் நின்றார். சுதர்ஷினி தாழ்வாரத்தின் மறுகோடியில் குழாயில் போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தாள். மயூரி மிஸ்ஸின் குரல் கேட்டது.

"ஜெயமலர்! ஒரு மாசமா ஒழுங்காச் சூடு பிடிச்சனீங்களோ?"

"ஆமாங்க மிஸ். எம் மகதான் பாத்துக்கிட்டா."

"அந்தக் கோழிக்குஞ்சுப் பிள்ளையோ? எங்க அவ?"

"அந்தா நிக்கிறா பாருங்க!"

சுதர்ஷினி திரும்பினாள். இத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு கை நேராக உயர்ந்து, அவளைச் சுட்டிக்கொண்டு நின்றது. அது அம்மாவின் கை, அதுவும் வலது கை.

மயூரி மிஸ் சுதர்ஷினியைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் நிரம்பித் தண்ணீர் சுதர்ஷினியின் காலில் கொட்டியது.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. "அந்தா மிஸ், கொழாய்கிட்ட, பச்ச ரிப்பன் கட்டிக்கிட்டு" என்று கையை இறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.