மூத்தவள் பெயருக்குக் கீழே

மறுபடி அச்செடுத்த தாளிலும் அதே இடம் ஈரமாக இருந்தது.

அனிதா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெளியே ஆடிக்காற்று நாமக்கல் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு போனது. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு மொடமொடவென்று காய்ந்துவிடுகிற நாள். ஊருக்கு வெளியே இருக்கும் கோழிப்பண்ணைகளின் நெடி அறைக்குள் வரை வந்து நின்றது. அப்படிப்பட்ட வறட்சியில், பிரிண்டரிலிருந்து வெதுவெதுப்பாக வந்த தாளில் ஒரே ஒரு சொல் மட்டும் நனைந்திருந்தது. 'ராமாயி, கிணற்றில் தவறி விழுந்து காலமானார்.' அதில் 'தவறி' மட்டும். தொட்டால் விரல்நுனி சில்லென்றது.

மை கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வரியை இன்னொரு தரம் படிக்க மனம் வரவில்லை. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவள் அவள்தான்.

பழைய பத்திரங்களைப் படித்துக் குடும்ப வரலாறு எழுதித் தருவது அனிதாவின் தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி ஓட்டும் முதலாளி அர்த்தநாரி, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குள் தன் வம்சத்தைப் புத்தகமாக்கித் தரச் சொல்லியிருந்தார். அவர் வண்டியில்தான் அனிதாவின் கணவன் முருகானந்தம் வேலை பார்க்கிறான். இப்போது வண்டியோடு ஒடிசாவில் எங்கோ இருக்கிறான்.

அர்த்தநாரி கொண்டுவந்த பழைய பத்திரக் கட்டுக்குள் அவர் தாத்தா கண்ணுசாமியின் இரண்டாம் கல்யாணத்துக்கு எழுதிய உடன்படிக்கை ஒன்று இருந்தது. செல்லரித்த தாள்தான். ஆனால் பழைய கையெழுத்து அனிதாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 'மூத்த சம்சாரம் ராமாயிக்குப் புத்திர பாக்கியம் இல்லாதபடியால், அவள் ஜீவித்திருக்கும்போதே, அவள் சம்மதத்தின் பேரில், பொன்னாத்தாளை விவாகம் செய்துகொள்வதாக...' என்று ஓடியது. அடியில் ராமாயியின் கைநாட்டு.

படித்துக் காட்டியபோது அர்த்தநாரி முகம் கறுத்தது. பொன்னாத்தாள் வழியில் வந்தவர் அவர்.

"அம்மிணி, எழுத்தே சரியாத் தெரியலீங்களே. மூத்தவங்க அதுக்கு முன்னாலயே காலமாயிட்டாங்கன்னும் படிக்கலாமுங்கல்ல?"

அனிதா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகானந்தத்தின் வேலை ஞாபகத்துக்கு வந்தது.

"படிக்கலாமுங்ண்ணா," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் ஒருத்தியைக் கொன்றாகிவிட்டது. புத்தகத்தில் மற்ற எல்லோருக்கும் எப்படி இறந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. ராமாயிக்கு மட்டும் வெறுமனே விட்டால் கண்ணில் உறுத்தும். காய்ச்சல் என்று போடத்தான் உட்கார்ந்தாள். கை கிணறு என்று அடித்தது. ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்த வரியை அவரே ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தாள். தாளைப் போட்டோ எடுத்து அர்த்தநாரிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"கிணறுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்ண்ணா. நானாத்தான் போட்டேன்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தக் கிணத்து விசயத்த எங்கய்யன் சாவறப்ப எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க. எம்பட ஊட்டுக்காரிக்கே தெரியாது." குரல் தாழ்ந்தது. "தவறின்னே இருக்கட்டும் அம்மிணி. அதைத் தொடாதீங்க. முருகானந்தம் வரட்டும், அவனுக்கு நல்லதாப் பண்றேன்."

போன் நின்றுவிட்டது.

அனிதா உட்கார்ந்தபடியே இருந்தாள். தான் கற்பனையில் போட்டது எப்படி நிஜமாயிற்று என்று ஒரு பக்கம் ஓடியது; இன்னொரு பக்கம், அதைச் சொன்ன குரல் ஏன் 'தவறி'யை மட்டும் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்று புரிந்து உடம்பு கூசியது. கைநாட்டு வைக்கிறபோது அந்தப் பெண் எப்படி நின்றிருப்பாள். அவளைப் புருஷனும் வீட்டாரும் ஒருமுறை முடித்தார்கள். அனிதா மறுமுறை முடித்திருக்கிறாள், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மின்விசிறிக்குக் கீழே.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோழிப்பண்ணை நெடி எப்போது போனதென்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வேறொரு வாடை மெல்ல மெல்ல நிறைந்தது. பாசி வாடை. வெகுநாள் வெயில் படாத கல்லின் வாடை, அதற்குள் அரைத்த மஞ்சளின் வாடை. வெளியே காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கியது, ஆனால் சத்தம் உள்ளே வரவில்லை. ஆழத்திலிருந்து கேட்பதுபோல எல்லாம் மங்கிப்போயிருந்தது.

சமையல்கட்டில் சொட்டு விழுந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். குழாய் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தாள். இப்போது சொட்டு சமையல்கட்டிலிருந்து வரவில்லை. வாசலுக்குப் போகும் நடையிலிருந்து வந்தது.

ஒரு சொட்டு. ஓர் அடி. ஒரு சொட்டு.

அனிதா திரும்பிப் பார்க்கவில்லை. கணினியை இழுத்துக்கொண்டாள். "தப்புத்தான் தாயே," என்று வாய் முணுமுணுத்தது, "மாத்திடறேன், இப்பவே மாத்திடறேன்." இரண்டாம் கல்யாணத்தின்போது ராமாயி உயிரோடு இருந்தாள் என்று எழுதினாள். 'தவறி விழுந்து' என்பதை அழித்தாள். 'தள்ளப்பட்டு' என்று அடித்தாள். இரண்டு தரம் பிழையாகி மூன்றாம் தரம் சரியாக விழுந்தது. முருகானந்தத்தின் வேலை போகும். போகட்டும்.

அச்செடுத்தாள்.

தாள் காய்ந்திருந்தது. வரி முழுக்கத் தடவிப் பார்த்தாள். மொடமொடப்பான, சூடான தாள். சொட்டுச் சத்தமும் நின்றுபோயிருந்தது. அனிதாவுக்கு அழுகை முட்டியது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. தாளை மேசையில் வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருமல் கேட்டது.

சின்ன இருமல். தண்ணீர் புரையேறினால் வருமே, அப்படி. பெரியவர்களுக்கு வருவதல்ல.

கண் தானாகத் தாளுக்குப் போனது. ராமாயி பெயருக்குக் கீழே அடுத்த வரி. பத்திரத்தில் இருந்ததை அப்படியே நம்பி, யோசிக்காமல் அவள் அடித்திருந்த வரி. 'பிள்ளைகள்: இல்லை.'

பத்திரம் எழுதியது கல்யாணத்தன்று. கிணறு அதற்குப் பிறகு. நடுவில் எத்தனை மாதமோ. இளையவள் வந்தபின் மூத்தவள் உண்டாகியிருந்தால். சொத்துக்கு இன்னொரு வாரிசு என்று வீட்டில் தெரிந்திருந்தால்.

எதற்காகத் தள்ளினார்கள்.

அனிதா திரும்பினாள்.

நடை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அரக்குச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. முடி முகத்தை மூடி வழிந்தது. கோபமாக வரவில்லை. பதிவு ஆபீசில் முறைக்காகக் காத்து நிற்கிறவள்போல நின்றாள். இடுப்பில் ஒன்றை அணைத்திருந்தாள், சாம்பல் நிறத்தில், ஒரு கையளவு. அதன் தொப்புள்கொடி அவள் சேலை மடிப்புக்குள்ளிருந்து இன்னும் அறுபடாமல் நீண்டு, தரையைத் தொட்டு நீர் வடித்துக்கொண்டிருந்தது.

அவள் அதை இரண்டு கைகளாலும் தூக்கி, பார்த்து எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல அனிதாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அது வாயைத் திறந்தது. உள்ளே விளிம்புவரை தண்ணீர்.