பேனாக் கோட்டுக்குக் கீழே

வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. வீட்டுக்குள் வந்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் டிரைவர் அதைக் கவனித்தார். திரும்பப் போய்த் தேடினால், தெருமுனைக் கடை வாசலில், யாரோ கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி அது ஒழுங்காகக் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை ஜல்லிக் கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. கால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலை நரைக்கும் வரை பஸ் ஓட்டியவர். கிளட்ச்சும் பிரேக்கும் கண்ணால் பார்த்து மிதிக்கிற சமாசாரமா என்ன? அது காலுக்கே தெரிய வேண்டும். அந்தக் காலே கையை விரித்துவிட்டது. டிப்போவில் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நோய்க்கு ஒரு பேர் எழுதி வாங்கிட்டு வாங்க, உட்கார்ற வேலை தர்றோம். பேர் இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றார் மேலாளர். மெடிக்கல் போர்டுக்குத் தேதியும் குறித்தார்கள்.

அந்தப் பேரைத் தேடி அவர் ஏறாத படி இல்லை. சர்க்கரை இல்லை. தைராய்டு இல்லை. வைட்டமின் குறைச்சலும் இல்லை. "குடிப்பீங்களா?" என்று நரம்பு டாக்டர் ஆசையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடிப்போனது. காலில் கரன்ட் வைத்துப் பார்த்தார்கள்.

"நரம்பு செத்துட்டு வருது. ஏன்னுதான் தெரியல."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

"தெரியலன்னு எழுதினா போர்டுல ஒத்துக்க மாட்டாங்களே," என்ற டாக்டர், கூட வந்திருந்த டிரைவரின் மனைவி பக்கம் திரும்பினார். "தினமும் வீட்டுல டெஸ்ட் பண்ணுங்கம்மா. கண்ணை மூடச் சொல்லி, கூரா ஏதாவது வச்சுத் தொட்டு, தெரியுதான்னு கேளுங்க. உணர்ச்சி எங்க நிக்குதோ அங்க பேனாவால கோடு போடுங்க. நடுநடுவுல தொடாமலும் கேளுங்க. சும்மா சொல்றாரான்னு பார்க்கணும்ல?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் குடும்பத்தில் குண்டு வைத்தது.

சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் அவர் கட்டிலில் காலை நீட்டுவார். சுவர்க் காலண்டரில் குத்தியிருந்த, சிவப்புக் குமிழ் வைத்த போர்டு பின்னை எடுத்துக்கொண்டு அவள் தரையில் உட்காருவாள். முதலில் கோடு கணுக்காலில் இருந்தது. பிறகு கெண்டைக்கால். பழைய கோட்டை அழிக்காமலே புதிய கோடு போட்டாள். வெள்ளம் ஏறிய சுவர் மாதிரி ஆனது கால்.

கோட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. அதனால்தான், ஒரு நாள் அவள் "தெரியுதா?" என்று கேட்டபோது பெருவிரலை ஏதோ அழுத்தியதும் அவருக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

"தெரியுது! தெரியுதும்மா!"

கண்ணைத் திறந்தார். அவள் எட்டியே உட்கார்ந்திருந்தாள். போர்டு பின் அவள் மடியில் கிடந்தது.

"நான் தொடவே இல்லங்க," என்றாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அவள் பின்னை வைத்துக் குத்தும்போது தெரியாது; சும்மா கேட்கும்போது தெரியும். அவள் முகம் நாளுக்கு நாள் இறுகியது. மருந்துக் கடையில் நின்று பாதி வைத்தியம் கற்றதால் 'அரை டாக்டர்' என்று பேர் வாங்கிய அவளுடைய தம்பி வந்து, "மாமா, உட்கார்ந்த வேலை வேணும்னா நேராவே கேட்டிருக்கலாமே," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தம்பியை அதட்டவும் இல்லை. அது அவருக்குக் காலைவிட அதிகமாக வலித்தது.

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். "யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு சார். ஈரக் கை." டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அந்தப் பேரோடு போர்டுக்குப் போனால் உட்கார்கிற வேலையும் கிடைக்காது. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் 'இல்ல' என்றே சொல்வது என்று முடிவு செய்தார். கோட்டுக்குக் கீழே தெரிவதெல்லாம் அந்தக் கைதானே.

அது எப்படி வரும் என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் மங்கி, தெருவில் கதவுகள் சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாய் ஓய்ந்து, ஊறிப்போன சாக்கின் வாடை எங்கிருந்தோ கட்டிலடிக்கு வந்து தங்கிய பிறகு, கணுக்காலைச் சுற்றி விரல்கள் வரும். குளிர்ந்த, அவசரமே இல்லாத விரல்கள். எங்கே கோடோ அதுவரை ஏறி நிற்கும். கோட்டை ஒரு நாளும் தாண்டாது. முதலில் அதில் ஆறுதல்பட்டார். பிறகுதான் உறைத்தது. கோடு போகிற இடத்துக்கு அது வரவில்லை. அது வந்த இடத்துக்குத்தான் கோடு போய்க்கொண்டிருந்தது.

போர்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோடு முழங்காலுக்குக் கீழே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியுதா?"

கெண்டைக்காலில் ஒரு குளிர்ந்த கட்டைவிரல்.

"இல்ல."

"இப்போ?"

ஆள்காட்டி விரல். நடுவிரல். இறுக்கம்.

"இல்ல."

அடுத்த கேள்வி வரவில்லை. காத்திருந்தார். அவள் மூச்சு மட்டும் கேட்டது. சாக்கு வாடை.

கண்ணைத் திறந்தார்.

அவள் கையில் பின் அந்தரத்தில் நின்றது. கண் அவர் கெண்டைக்காலில் நின்றது. அங்கே ஐந்து குழிகள். பிசைந்த மாவில் விரல் அழுத்தின மாதிரி, ஆழமாக. யாரும் தொடவில்லை. குழிகள் மெதுவாக நகர்ந்தன. மேலே. கோட்டைத் தொட்டன.

தாண்டின.

"என்னங்க... இதுவா?" என்றாள். "இதைத்தான் சொன்னீங்களா?"

"இதுதாம்மா."

"ஐயோ, நான் நம்பலையே. உங்களை நம்பலையே!"

கையிலிருந்த பின் நழுவி விழுந்தது. அவள் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பிடித்தாள். அழுதுகொண்டே, அட்டைப்பூச்சியைப் பிய்ப்பது போல இழுத்தாள். ஒரு கணம் அவள் விரல்கள் எதையோ பற்றியது போல விறைத்தன.

பிடி விட்டது.

காலில் ரத்தம் குபுகுபுவென்று இறங்கியது. எறும்பு ஊர்ந்தது, எரிந்தது, வலித்தது. எவ்வளவு நல்ல வலி! பாதத்தைத் தரையில் வைத்தார். சில்லென்றிருந்தது.

"தரை சில்லுனு இருக்கு! எனக்குத் தெரியுது!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "இருங்க, டாக்டருக்கு போன் பண்றேன். இப்பவே," என்று எழுந்து அடுத்த அறைக்கு ஓடினாள்.

டக். டக். டக்.

டைல்ஸில் ஏதோ தட்டுகிற சத்தம். அவர் பின்னைத் தேடித் தரையைப் பார்த்தார். விழுந்த இடத்தில் இல்லை. கட்டிலடியில் இல்லை. அவள் ஓடிய வழியில் பொட்டுப் பொட்டாக ஈரம். சிவப்பு.

அடுத்த அறையில் அவள் குரல் கேட்டது. "ஆமாம் டாக்டர், நல்லாத் தெரியுதாம். முழுசாத் தெரியுதாம்." பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

சொல்ல வேண்டும். கட்டிலைப் பிடித்து எழுந்தார்.

போனைக் காதில் வைத்தபடி, சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் நொண்டாமல், அவள் அறை வாசலைத் தாண்டி வந்தாள். குதிகாலில் பின் முழுசாக இறங்கியிருந்தது. சிவப்புக் குமிழ் மட்டும் வெளியே.

டக்.

டக்.