சாருக்குப் போய் எண்ணுவதா

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அந்த வாடை வந்துவிட்டது. முறுக்கிப் பிழிந்து வாளியில் போட்டு, காயப்போட மறந்து, இரண்டு நாள் கழித்து நினைவு வந்து எடுக்கிற துணியின் வாடை. மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இது மழைக்காலம் இல்லை. கோச்சடையில் வெயில் மொட்டைமாடிச் சுண்ணாம்பை உரித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட வேட்டி, க்ளிப் மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாகிவிடும்.

டாக்டர் பட்டாபிராமன் கட்டிலில் சாய்ந்தபடி வீட்டையே சோதனை போடச் சொன்னார். வேலை பார்க்கிற ராமக்காள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள், பாத்ரூம் வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. மனைவி அகிலாண்டம் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, தனக்குச் சாம்பிராணி மணம்தான் வருகிறது என்றாள். ஆபரேஷன் ஆன உடம்பு, மருந்து வாசனை மூக்கிலேயே நிற்கும், சித்த நேரம் கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்று, அறுவை சிகிச்சைப் பேராசிரியராக ஓய்வு பெற்றவருக்கே வைத்தியம் சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணை மூடினார். வாடை கிட்டே வந்தது.

மதுரையில் கத்தி பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். மருத்துவர் சங்கக் கூட்டம் எந்த ஓட்டலில் நடந்தாலும், குளிரூட்டிய ஹாலில், சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய உரை நிச்சயம் உண்டு. தலைப்பு எப்போதும் ஒன்றே: நோயாளி எப்போது வழக்குப் போடலாம்? பட்டாபிராமன் நான்கு விரலைத் தூக்கிக் காட்டுவார். டாக்டர் அந்த நோயாளியின் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். சராசரி டாக்டர் செய்வதை அவர் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். நோயாளிக்குக் கெடுதல் நேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கெடுதல் அந்தத் தவறால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். நான்கும் இருந்தால் வழக்கு. மூணே முக்கால் இருந்தால் வெறும் புலம்பல். இங்கே ஹால் சிரிக்கும்.

பிறகு குரலைத் தாழ்த்துவார். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் மட்டும் எந்த வக்கீலும் வேண்டாம், துணியே சாட்சி சொல்லிவிடும். ஆனால் உள்ளே துணி இருக்கிறது என்று யார் பார்த்தது? திறந்தால்தானே தெரியும். திறக்கச் சொல்லி யார் எழுத வேண்டும்? இன்னொரு டாக்டர். கோர்ட்டும் போலீசும் அபிப்பிராயம் கேட்டு யாரிடம் வரும்? இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பித்தப்பையில் கல். மூன்று துளை போட்டு முடித்துவிடுகிற காரியம்தான். துளை வழியாக எட்டிப் பார்ப்பதற்குப் பெயர் ஆபரேஷன் இல்லை, கையால் திறந்துதான் செய்ய வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். செய்தது அவருடைய செல்ல மாணவன் சாய்ராம், சொந்த ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் கடைசித் தையல் விழுந்திருக்க வேண்டும் என்றும் சார் உத்தரவு.

சாருக்கு மயக்கம் தெளிந்ததும் சாய்ராம் கட்டிலருகே கை கட்டி நின்று ஒப்பித்தான். "பத்து இருபதுக்கே மூடிட்டோம் சார். சரண்யாதேவி சிஸ்டர் உள்ள வெச்ச துணியெல்லாம் எண்ணணும்னு ஆரம்பிச்சா. மணி ஆகுது, சாருக்குப் போய் எண்ணுவியான்னு ஒரு அதட்டு போட்டேன். கப்சிப்."

சாருக்குச் சிரிப்பு வந்தது. மனசு குளிர்ந்தும் போனது. மற்ற வயிறுகளைப் போலவா தன் வயிறு? சாய்ராமின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது அந்தத் தட்டிக்கொடுத்த கை வயிற்றின்மேல் கிடந்தது. கைக்குக் கீழே, தையலுக்கும் கீழே, ஏதோ ஈரமாக இருந்தது. வலி இல்லை. வலி என்றால் அவருக்குத் தெரியும், அதற்குப் பெயர்களே வைத்திருக்கிறார். இது நனைந்த பொருள் ஒன்று மடிந்து கிடக்கிற கனம். மூச்சை இழுத்தால் அது மெல்ல விரிந்தது, விட்டால் சுருங்கியது. வாயு என்றார் தனக்குத்தானே. மறுநாள் மத்தியானம் வீடு அடங்கிய நேரத்தில், மின்விசிறியின் கிறீச்சுக்கும் தெருவில் போகிற ஷேர் ஆட்டோவின் பாட்டுக்கும் நடுவே, துணி பிழிகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு, பிறகு சொட்டுச் சொட்டாக. பின்கட்டில் ராமக்காள் துவைக்கிறாள் என்று நினைத்தார். ராமக்காள் காலை வேலையை முடித்து மத்தியானத்துக்கு முன்பே அவனியாபுரத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"உள்ள ஈரத்துணி கெடக்கு சாமி. நான் மூச்சு விட்டா அதுவும் விடுது."

யார் சொன்னது இது? நினைவு வர நேரமாகவில்லை. எழுமலையிலிருந்து வந்தவள். இருளாயி. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவள், அதுவும் சாய்ராமிடம்தான். அவள் புகாரை விசாரித்த டாக்டர்கள் குழுவுக்குப் பட்டாபிராமன் தலைவர். மங்கிய அரக்கில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. முந்தானை நுனியில் கோயில் திருநீற்றை முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதைக் கேட்டுப் பட்டாபிராமன் கேட்ட ஒரே கேள்வி, "நீ உள்ளே போய்ப் பார்த்தியா?" குழு சிரித்தது. இரண்டு டாக்டர்களுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவளுடைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்த நிழல் வாயு என்று சொல்லி முடித்தார். வெளியே வராந்தாவில் அவள் புருஷன் விருமாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மறித்தான்.

"அய்யா, காசு பணம் கேக்கல. தொறந்து பாருங்கன்னு ஒங்க வாயால ஒரு சொல்லு. அம்புட்டுத்தேன். இருந்தா எடுக்கட்டும். இல்லைன்னா நாங்க பேசாம ஊருக்குப் போறோம்."

வேறு டாக்டர் யாராவது எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வேறு டாக்டர் யாரும் எழுதித் தரவில்லை. சார் சொன்ன பிறகு யார் எழுதுவார்கள்? ஆவணி பிறப்பதற்குள் அவள் செத்துப்போனாள். அறுத்துப் பார்க்காமலே புதைத்தார்கள். உள்ளே எது இருந்ததோ அதுவும் அவளோடு போயிற்று.

இதற்காகப் பட்டாபிராமன் வருத்தப்பட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நேரத்தில் போய் அவள் ஞாபகம் வருகிறதே என்று எரிச்சல்தான் பட்டார்.

காய்ச்சல் ஏறியது. சாய்ராம் தானே வந்து தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தான். பட்டாபிராமன் படத்தைப் பிடுங்கி விளக்கில் பிடித்தார். ஈரலுக்குக் கீழே ஒரு நிழல். மடிப்பு மடிப்பாக, இஸ்திரிக்காரன் அடுக்கி வைத்த மாதிரி.

"வாயு சார்," என்றான் சாய்ராம்.

"திறந்து பார்த்துடு."

சாய்ராம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சார் முன்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "நீங்க சொன்னா மாட்டேனா சார்? ஆனா எதுக்குத் திறந்தேன்னு எழுதறது? துணியை விட்டுட்டேன்னா? சார் வயித்துலயே விட்டுட்டான்னு ஊர் சிரிக்கும். எனக்காகச் சொல்லல, உங்க பேருக்காகத்தான் பாக்கறேன். வேற டாக்டர் யாராவது எழுதித் தரட்டும், அடுத்த நிமிஷம் தியேட்டர்ல இருப்போம்."

தன் வாக்கியம் தன்னிடமே திரும்பி வந்து நிற்பதைப் பட்டாபிராமன் பார்த்தார். நல்ல வாக்கியம். எங்கேயும் ஓட்டை இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய மாணவர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். எல்லாரும் எழுந்து நின்றுதான் பேசியிருப்பார்கள், குரலில் அவ்வளவு பணிவு. சாய்ராம் அண்ணன் செய்ததா சார், அப்படியென்றால் இருக்காது சார் என்றார்கள். ஒருவன் தூக்கத்துக்கு மாத்திரை சொன்னான். ஒருவன் மனநல டாக்டரின் நம்பரைக் கொடுத்தான். இன்னொருவன், சார் எடுத்த வகுப்பிலிருந்தே சாருக்கு மேற்கோள் காட்டினான்: நோயாளி உணர்வதெல்லாம் சான்று ஆகாது சார், நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். சென்னைக்குக் காரில் போய்விடலாம் என்றார் அகிலாண்டத்திடம். அகிலாண்டம் சாய்ராமைக் கேட்டாள். இந்த உடம்போடு பயணம் கூடவே கூடாது என்றான் சாய்ராம். அத்தோடு அது முடிந்தது.

நான்கு விரலையும் மடக்கிப் பார்த்தார். பொறுப்பு, உண்டு. தவறு, உண்டு. கெடுதல், இதோ கொதிக்கிறது. நான்காவதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். இந்த ஊரில் அப்படிச் சொல்லக்கூடிய டாக்டர் ஒருவரையும் அவர் விட்டு வைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர்ச் சொம்பு வைக்க வந்த ராமக்காள் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சார், நீங்க சொன்ன வாடை இப்ப எனக்கும் வருது. ஈர வாடை மட்டும் இல்ல. குழி மண்ணு வாடையும் வருது." ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "ரூமுக்குள்ள இருந்து வரல சார். ஒங்ககிட்ட இருந்துதேன் வருது."

சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வெயில் பாத்ரூம் ஜன்னலின் சொரசொரப்புக் கண்ணாடி வழியாக வெள்ளையாக இறங்கிச் சுவர் டைல்ஸில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கட்டுப் பிசுபிசுக்கிறது என்று அதைப் பிரித்துப் பார்க்கக் கண்ணாடி முன்னால் வந்து நின்றிருந்தார். ஹாலில் அகிலாண்டம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் சாய்ராம். ராத்திரியெல்லாம் பிதற்றினார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹால் கடிகாரம் அரை மணிக்கு ஒரு தட்டுத் தட்டியது. பத்தரை.

கட்டைப் பிரித்துப் பஞ்சை எடுத்தார். தையல் வரிசை சுத்தமாக இருந்தது. பையன் கை நல்ல கை. அவர் பழக்கிய கை. ஆனால் கீழ்க்கோடியில், இரண்டு தையலுக்கு நடுவே, ஒரு நூல். கறுப்புத் தையல் நூல் இல்லை. வெள்ளை.

விரல் நகத்தால் பற்றினார். இழுத்தார். வலிக்கவில்லை. வந்தது.

ஒரு நூல் பல நூலானது. பிறகு ஓரம். கோணியின் வாயைப் போலத் தையல் சத்தமில்லாமல் விலகிக் கொடுத்தது. ஆபரேஷன் துணிதான், மடிப்பு மடிப்பாக, மஞ்சள் நீரில் ஊறி. அவருக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். இருக்கிறது. இதோ இருக்கிறது. இனி எவன் வாயு என்பான்?

"அகிலா," என்றார். போனில் இருந்தவளுக்கு அது கேட்கவில்லை.

இழுத்தார். இன்னும் வந்தது. ஒரு துணியின் நீளம் தெரியும் அவருக்கு. அதைத் தாண்டியும் வந்தது. கைப்பிடிக்குள் சுருட்டினார். வெள்ளை முடிந்தது. நிறம் மாறியது.

அரக்கு.

அரக்கில் வெள்ளைப் புள்ளி. வரிசை வரிசையாகப் புள்ளி. ஈரம். மண்.

நிறுத்த நினைத்தார். கை நிற்கவில்லை. முந்தானை நுனி வந்தது. நுனியில் முடிச்சு. முடிச்சு வாயிலிருந்து நனைந்த திருநீறு அவர் விரலில் ஒட்டியது.

அப்புறம் வரவில்லை. எங்கோ மாட்டிக்கொண்டது போல நின்றது. மெல்ல இழுத்துப் பார்த்தார்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

துணி திரும்பிப் போனது. புள்ளி புள்ளியாக. விட்டுவிடலாம். ஆனால் விரலில் சுற்றியிருந்தது. சுற்று இறுகியது. துணியோடு விரல் போனது. விரலோடு கை. சூடு. வழவழப்பு. மணிக்கட்டு வரை.

கண்ணாடியில் ஒரு கிழவர் தன் வயிற்றுக்குள் கை விட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

கதவுக்கு வெளியே அகிலாண்டம் கூப்பிட்டாள். "ஏன்னா, சாய்ராம் லைன்ல இருக்கான். உள்ளே ஒண்ணுமே இல்லையாம். எல்லாம் மனசுதானாம். கேட்டேளா?"

கேட்டது. உள்ளே, அந்தச் சூட்டுக்கு நடுவே, ஜில்லென்று இன்னொரு கை. வேலை செய்து காய்த்துப்போன கை. அது அவர் விரல்களைத் துணிச் சுற்றிலிருந்து விடுவித்தது. விரித்து வைத்தது. சுண்டு விரலைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது.

அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, எண்ணியது.