ஜோவிட்டாவைப் பற்றி ஒரு வரி

காலை ஏழரை மணிக்குத் தூத்துக்குடி ஏழ்கடல் பள்ளியின் வாசலில் பிள்ளைகளின் மணிக்கட்டுப் பட்டைகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கும். அப்போதிலிருந்து மாலை வரை அவர்கள் கேட்கும் கேள்வி, போடும் சண்டை, பாதியில் விட்ட கணக்கு எல்லாம் 'கற்றல் தடம்' என்ற பதிவில் ஏறிவிடும். தேர்வுகள் ஒழிந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பு ஆசிரியை தன்ஷிகா வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணி உள்ளே அனுப்புவாள். அதே வகுப்பில் படிக்கும் தன் மகள் நன்முல்லையையும் அப்படித்தான் அனுப்புவாள்.

அன்று ரெனிட்டா தன் மகள் ஜோவிட்டாவைக் கொண்டுவந்து விட்டாள். ரெனிட்டா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். தன்ஷிகாவுடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள்.

"ஏளா, எங்க வீட்டுக் கழுதைக்கு ஏதோ கடிதம் வரும்னு பேசிக்கிடுதாங்க. வந்தா நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று தன்ஷிகா சிரித்தாள். வயிறு எரிந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பெயர் முன்னிருக்கை. முப்பது நாடுகளில் இருநூறு பள்ளிகள் வைத்திருந்த ஏழ்கடல் வலையமைப்பு, பல்கலைக்கழகங்களோடும் அரசுகளோடும் முத்தரப்பு ஒப்பந்தம் போட்டிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு நல்ல மாணவர்களைத் தேடும் வேலை மிச்சம். அரசுகளுக்கு நாளைய நிபுணர்கள் இன்றே கையில். பள்ளிக்கு, எந்தப் பெற்றோரும் தட்ட முடியாத கவர்ச்சி. தேர்வாகும் பிள்ளைக்குப் பட்டப்படிப்பும் குடியுரிமையும் பன்னிரண்டு வயதிலேயே ஒரே தாளில் வந்துவிடும். கணிப்பு முழுவதும் இயந்திரத்துடையது. கடைசியில் மட்டும் ஒரு மனிதர், பிள்ளையின் வகுப்பு ஆசிரியர், சாட்சியுரை எழுத வேண்டும். இயந்திரத்தை மட்டும் நம்பிப் பிள்ளையை ஏற்க மாட்டோம் என்று அரசுகள் பிடிவாதமாக இருந்தன.

மதியம் வடகடல் கூட்டரசின் கோப்பு தன்ஷிகாவின் டேப்லெட்டில் வந்து விழுந்தது. அதன் பல்கலைக்கழகத்தில் பனிக்கடல் ஆய்வுக்கு ஒரே ஓர் இருக்கை. பள்ளியில் முதல் பெயர் ஜோவிட்டா. இரண்டாவது நன்முல்லை. வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நன்முல்லையை அவள் நான்கு வயதிலிருந்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ரெனிட்டா தன் மகளைப் படி என்று சொன்னதே கிடையாது. அந்தப் பெண் தானாக வளர்ந்தது, தானாக முந்தியது. பள்ளி நாட்களில் ரெனிட்டாவும் அப்படித்தான். ஓட்டப் பந்தயத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி, பரிசை வாங்கி, அதை எங்கோ மறந்து வைத்துவிட்டு வருவாள்.

ஜோவிட்டாவின் சாட்சியுரையில் தன்ஷிகா எழுதினாள்: 'தேவைப்படும்போதும் இவள் யாரிடமும் உதவி கேட்பதில்லை.'

பொய்யில்லை. ஆனால் பனிக்கடலில் உதவி கேட்காதவர் உடனிருப்பவர்களையும் ஆபத்தில் தள்ளுவார் என்று அந்தப் பல்கலைக்கழகம் கருதுவது அவளுக்குச் சாட்சியுரைப் பயிற்சியிலேயே சொல்லப்பட்டிருந்தது.

இரண்டு நாளில் முடிவு வந்தது. இருக்கை லிமா நகரத்துப் பையன் ஒருவனுக்குப் போயிருந்தது. இந்தப் பள்ளியின் அடுத்த பெயருக்கு வரும் என்றுதான் தன்ஷிகா நம்பியிருந்தாள். வரிசை இருநூறு பள்ளிகளுக்கும் பொது என்பது ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் கோவர்தனனிடம் போனாள். "சார், அந்த ஒரு வரிய எடுத்துரலாமா?"

"எங்கேருந்து எடுக்க மேடம்? அது இப்ப எழுபத்தோரு பல்கலைக்கழகத்துல இருக்கு, பதினாலு அரசாங்கத்துல இருக்கு. அந்தப் பிள்ளை எங்க போனாலும் முன்னால போயி நிக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே வழிதான். சாட்சியே தன் சாட்சி தப்புன்னு காரணத்தோட எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பெறகு நீங்க இங்க ஆசிரியரா இருக்க முடியாது. ஆசிரியர் பிள்ளைங்கிற உரிமையில படிக்கிற உங்க மகளும் இருக்க முடியாது."

ஒன்பது நாள் தன்ஷிகா ஒன்றும் செய்யவில்லை. ஜோவிட்டாவின் முகத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தினாள். பத்தாம் நாள் மாலை ரெனிட்டா மகளோடு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"முடிவுத் தாள்ல ஒன் வரியையும் போட்டிருந்தாங்க. நீ எழுதுனா சரியாத்தாம்ளா இருக்கும். இவ வாயத் தெறந்து ஒண்ணு கேக்க மாட்டா. எனக்கே தெரியும். நீயே பழக்கி விடேன்."

ஜோவிட்டா நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், உதவி எப்படிக் கேக்கணும்? சொல்லித் தாறீங்களா?"

தன்ஷிகா ரெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரெனிட்டா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்படி நான் ஒனக்கு என்னளா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. ஒண்ணுமே செய்யாம ஒனக்கு எல்லாம் வந்துச்சு. அதான்."

அவர்கள் போனதும் திருத்தப் படிவத்தைத் திறந்தாள். காரணங்களின் பட்டியல் இருந்தது: தகவல் குறைவு, மொழிப் பிழை, ஆள் மாறாட்டம். பொறாமை என்று ஒன்று இல்லை. 'பிற' என்பதைத் தொட்டு, தானே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

நன்முல்லை மாநகராட்சிப் பள்ளிக்கு மாறினாள். "பனிக்கடலுக்குப் போகணும்னு நான் உங்கிட்ட கேட்டேனாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. பாடத்தில் சந்தேகம் வந்தால் அம்மாவிடம் வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஜூனில் ஜோவிட்டாவுக்கு வேறொரு நாட்டின் முன்னிருக்கை கிடைத்தது. வாகைக்குளம் விமான நிலையத்துக்குத் தன்ஷிகாவை யாரும் அழைக்கவில்லை. அவளாகப் போய்க் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அந்தப் பக்கம் ரெனிட்டா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டு அழுதாள். இனி வருடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். ஜோவிட்டாவும் அம்மாவை விடாமல் பிடித்திருந்தாள்.

தன்ஷிகா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அழுகையின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது.