பிஸ்கட் இருமியது

முயல் பிஸ்கட் தும்முவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சில நாட்களாகவே அது சின்னச் சின்னதாக, யாரோ நூலை வெடுக்கென்று அறுப்பது போலத் தும்மிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் அது இருமியது.

தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். வெளியே விட்டுவிட்டுப் பெய்யும் மழை, ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டும் தண்ணீர், தைக்க வந்த திரைச்சீலைகளின் ஈர வாடை, மூலையில் முயலை வைத்துத் துண்டு போர்த்திய பிளாஸ்டிக் பெட்டிக்குள் நெபுலைசர் புகையை ஊதும் உர்ரென்ற சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடியில் மறுபடியும் இருமல். தொண்டையைச் செருமி, மூச்சை இழுத்து, கடைசியில் மெல்லிய விசிலாக முடிந்தது. அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு அவள் எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறாள். அது அவள் மகளுடையது.

மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. பிறந்ததிலிருந்தே இழுப்பு இருந்தும் ஓரிடத்தில் உட்காராத வாலு. இந்தத் தடவை இழுப்பு முற்றிப் படுக்கையில் தள்ளிவிட்டது. கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். “நீ வீட்டுக்குப் போம்மா, பிஸ்கட்டைப் பாத்துக்கோ. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் வரவே மாட்டேன்” என்று வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் தங்கையை அங்கே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

மூக்கைத் துடைத்துத் துடைத்து பிஸ்கட்டின் முன்னங்கால்கள் ஈரமாகிச் சடை பிடித்திருந்தன. “முயல் மூக்காலதான் மூச்சு விடும். அடைக்காம பாத்துக்கோங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்குச்சுன்னா நிலைமை கைமீறிடுச்சுன்னு அர்த்தம்” என்றிருந்தார் கால்நடை டாக்டரம்மா. மருந்தோடு, உப்புநீரைப் புகையாகக் கொடுக்கவும் சொன்னார். வாலுவின் நெபுலைசர் அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது? கழுவித் துடைத்து, குழாயைப் பெட்டியின் ஓட்டையில் செருகிவிட்டாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன் அடித்தது. தங்கைதான்.

“அக்கா, வாலு விடாம தும்முறா. சின்னச் சின்னதா.”

“சளி பிடிச்சிருக்கும்டி.”

“இல்லக்கா. ரெண்டு கையையும் மடக்கி மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா. மணிக்கட்டெல்லாம் ஒரே ஈரம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, காது மட்டும் அசையுது.”

“டாக்டரைக் கூப்பிடு. போனை வெச்சிடாதே” என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். யோசிக்கவிடாமல் அந்த உர்ரென்ற சத்தம் மண்டையைக் குடைந்தது. நெபுலைசரை அணைத்தாள்.

“ஐயோ, மூச்சு நின்னுபோச்சுக்கா!”

போட்டாள்.

“வந்துடுச்சு. வந்துடுச்சு.”

தற்செயல்தான், வேறென்ன. அப்படித்தான் இருக்க வேண்டும். நிச்சயம் தெரிந்தாக வேண்டும் என்று விரல் தானாக மறுபடி சுவிட்சை அழுத்தியது. தங்கையின் அலறல் கேட்டதும் போட்டுவிட்டாள். பெற்ற பிள்ளையின் மூச்சை வைத்துச் சோதனை பார்த்த தன் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது.

நெபுலைசரின் மருந்துக் கிண்ணத்தில் உப்புநீர் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு. உதறினாள். இல்லை. சமையலறை உப்பைக் கரைத்து ஊற்றலாமா? அதனால் வேறு ஏதாவது ஆகிவிட்டால்? கடைக்கு ஓடினால், திரும்பி வரும்வரை யார் பார்த்துக்கொள்வது? எதை? யாரை?

புகை திக்கியது. விட்டுவிட்டு வந்தது.

துண்டை இழுத்துப் போட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

வெள்ளையாகத் தேங்கி நின்ற புகை மெல்ல விலகியது. பிஸ்கட் பின்னங்கால்களில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. குழாயின் நுனியை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்து முகத்தோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வாலு இப்படித்தான் பிடிப்பாள்.

“அக்கா, வாயை இறுக்க மூடிக்கிட்டா. டாக்டரும் நர்ஸும் சேர்ந்தும் திறக்க முடியல. மூக்கு மட்டும் துடிக்குது. அக்கா, இவ என்னைப் பாக்குறா. என்னைத் தெரியலக்கா இவளுக்கு.”

புகை நின்றது.

முயல் கண் திறந்தது. வாயும் திறந்தது. அகலமாக. உள்ளே விசில் ஏறி இறங்கியது.

“அக்கா? கேக்குதா?”

அது குழாயைக் கீழே விட்டது. சடை பிடித்த இரண்டு கால்களையும் மேலே உயர்த்தி, தூக்கிக்கொள்ளச் சொல்லி அவளை நோக்கி நீட்டியது.