ஒற்றைக் கால் சத்தம்

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் அவள் கவனித்தாள், கழற்றுவதற்கு ஒரு செருப்புதான் இருந்தது. இடது கால் வெறுங்கால். பாதத்தில் தாரும் மண்ணும் அப்பியிருந்தன. பெருவிரலுக்குக் கீழே ஒரு கருங்கல் சில்லு பதிந்திருந்தது, பிடுங்கியபோது குழி விழுந்தது. செருப்புப் பட்டறை வாசல், கடைத்தெருவின் இரைச்சல், ஜல்லி கொட்டியிருந்த சந்து என்று அவ்வளவு தூரத்தையும் அந்தக் கால் தாண்டி வந்திருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். யோசித்துப் பார்த்தால், வழியெல்லாம் ஒரு காலின் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"நானும் போன வாரம் வலது செருப்பை எங்கயோ விட்டுட்டேன்," என்றாள் அண்ணி. கணவனின் அக்கா, பட்டறையில் பக்கத்து இருக்கை, வீட்டில் பக்கத்து அறை. "விடு. என் இடதையும் உன் வலதையும் சேர்த்தா ஒரு ஜோடி ஆச்சு. ஆளுக்கொரு நாள் போட்டுக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். செருப்பு ஒட்டிப் பிழைக்கிறவர்கள் செருப்பைத் தொலைத்துவிட்டு நிற்பது சிரிக்க வேண்டிய விஷயம்தான். அப்போது உள்ளே மகள் டம்ளரைக் கீழே போட்டாள். தண்ணீர் வாசல் வரை ஓடி வந்தது.

"கையில எண்ணெயா தடவியிருக்கு? நடையைப் பாரு, வாத்து மாதிரி," என்று அவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

வாண்டு என்று கூப்பிடும் அந்த ஒரே பிள்ளைக்காகத்தான் எல்லாம். கணவனுக்கு வெளியூர் வேலை. பள்ளி விட்டு வந்து கொஞ்ச நேரம் தனியாக இருக்கும் பிள்ளையை ராத்திரி வரை விட முடியாது என்று பட்டறையில் கூடுதல் நேரத்தை மறுத்துவிட்டு, வேலையை வீட்டுக்கு வாங்கி வந்தாள். மேஸ்திரி ஒரு சாக்கு நிறையச் செருப்பு அடிப்பாகங்கள், பசை, பசையை இளக்கத் தின்னர், குதிகாலில் அடிக்கச் சின்ன ஆணிகள் எல்லாம் கொடுத்தனுப்பினார். பிள்ளை கண் முன்னால் இருக்குமே என்று அவளுக்கு நிம்மதி. பசையில் தூசு விழக் கூடாது என்பதால், பட்டறையில் செய்தது போலவே, ஜன்னல் இடுக்கெல்லாம் அவளே டேப் ஒட்டினாள். மூடிய அந்த அறையின் இனிப்பான, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வாசத்துக்குள் வாண்டு படம் வரையும், சிந்திய ஆணிகளை வரிசையாக அடுக்கும், அப்படியே கண் சொக்கிப் படுத்துவிடும். என் பிள்ளை படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாது என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மறுநாள் பட்டறையில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று மேஸ்திரி எல்லோருக்கும் ரப்பர் கையுறை கொடுத்தார். மற்ற நாட்களில் அவை பீரோவுக்குள் இருக்கும். கையுறை போட்டால் செருப்பின் விளிம்பு விரலுக்குத் தெரியாது என்று யாரும் கேட்பதும் இல்லை.

அதிகாரி திரையில் ஒரு படம் காட்டினார். மார்பு வரை ஒரு மனிதன், நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெளியே நிற்கும் தின்னர் டிரம்மின் மேல் படமாக ஒட்டியிருக்கிற ஆள்தான். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் மெடல் மாமா. மேசைக்குத் தின்னர் வருவது பழைய எண்ணெய் டப்பாவில், அதில் மாமா வருவதில்லை.

"அது மெடல் இல்லம்மா," என்றார் அதிகாரி. "உள்ள போய் உடம்பைக் கெடுக்கும்னு அர்த்தம். இந்தத் தின்னரை நாள் முழுக்க மூச்சில இழுத்தா நரம்பு போயிடும். முதல்ல கால், அப்புறம் கை. மரத்துப் போறது வலிக்காது, அதுதான் ஆபத்து. பிடிச்சது நழுவும், நடை மாறும். ஜன்னலைத் திறந்து வைங்க. சின்னப் பசங்க பக்கத்துல கொண்டுபோகவே கூடாது."

யாரோ ஒருத்தி டேப் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார். பிறகு அடுத்த படத்தைப் போட்டார்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ போல எங்கோ தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. நழுவிய டம்ளரும் வாத்து நடையும் ஒரு தடவை மனதில் வந்து போயின. மேஸ்திரி விசில் ஊதினார். எல்லோரும் பசைக்குத் திரும்பினார்கள்.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றப் பார்த்தாள். விரல் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பசை ஒட்டிக்கொண்டதோ என்று மணிக்கட்டுப் பக்கம் நகத்தை விட்டுச் சுரண்டினாள்.

"என்ன பண்ற?" என்றாள் அண்ணி.

"கையுறை கழற மாட்டேங்குது அண்ணி."

"வகுப்பு முடிஞ்சதுமே மேஸ்திரி வாங்கிட்டுப் போயிட்டாரே."

அவள் குனிந்து பார்த்தாள். சுரண்டிய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவளுடைய தோல்தான். அண்ணி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வாசலில் கூட்டம் மெதுவாக நகர்ந்தது. தினமும் அப்படித்தான் நகரும்; ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. படியை விட்டு இறங்குமுன் ஒவ்வொருத்தியும் ஒரு கணம் நின்று, தலையைக் குனிந்து, தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டாள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவளும் பார்த்தாள். இரண்டு செருப்பும் இருந்தன, அவளுடைய வலதும் அண்ணியின் இடதும். வழி முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வீட்டில் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். எந்த வாசமும் இல்லை. பசை டப்பா திறந்தே இருந்தது, ஆனால் வாசம் இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய் டேப்பைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

பின்னால் ஒரு சத்தம்.

டக்.

நின்றது. பிறகு மறுபடி. டக்.

"அம்மா, நான் நடந்தா சத்தம் வருது பாரு."

அவள் திரும்பினாள். வாண்டு சிமெண்ட் தரையில் நடந்து வந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டு. வெறுங்காலோடு. ஒரு காலுக்குச் சத்தமில்லை. மறு காலுக்கு, டக்.

பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக் காலைத் திருப்பினாள். குதிகாலின் நடுவில் ஆணித் தலை. வட்டமாக, தேய்ந்து பளபளவென்று. சுற்றிலும் காய்ந்த ரத்தம். இன்றைய ரத்தம் இல்லை.

"வலிக்கலையாடா?"

"எது?"

ஆணித் தலைக்கு அடியில் நகத்தை விட்டாள். நெம்பினாள். பிடித்தாளா, தெரியவில்லை. இழுத்தாள். ஏதோ வந்தது போல இருந்தது.

"எடுத்துட்டியாம்மா?"

இறுக்கி மூடிய விரல்களைப் பார்த்தாள். உள்ளே ஆணி இருக்கிறதா இல்லையா என்று விரல்கள் சொல்லவில்லை. மெல்ல விரித்தாள்.

ஒன்றும் இல்லை.

வாண்டு மடியிலிருந்து வழுக்கி இறங்கி, அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணிக்குக் காட்ட வாசலுக்கு நடந்தது.

டக்.

டக்.